மஹ்பூபா அத்தையிடம் கேட்கக் கூடாத கேள்வி

எங்கள் தீவில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து இறங்கினால் இரண்டு கேள்விகள் கேட்போம். எப்போது வந்தீர்கள், எப்போது வீட்டுக்குத் திரும்புகிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் மூச்சுகூட விடமாட்டோம். பதில் தெரிந்து யாருக்கும் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. கொட்டாவி மாதிரி அது தானாக வரும்.

இரண்டாவது கேள்வியில் ஒரு கோளாறு இருக்கிறது. வீட்டுக்குத் திரும்புவதற்கு எங்கள் பேச்சில் ஒரே சொல்தான், ரவ்வஹ். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கும் அதுதான், கடலிலிருந்து கரைக்கு வருபவனுக்கும் அதுதான். பாரிசில் கடையைப் பூட்டிவிட்டு ஆகஸ்ட் மாதம் எங்கள் ஜெர்பாவுக்கு விமானம் ஏறுபவன் அந்தச் சொல்லை வாயில் மிட்டாய் மாதிரி வைத்துக்கொண்டு வருகிறான். வந்து சொந்த வீட்டு வாசலில் நிற்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் அதே சொல்லைத் திருப்பிப் போட்டு, எப்போது வீட்டுக்குத் திரும்புகிறாய் என்கிறார். அவன் வீடு பாரிசில்தான் என்று அவன் வாசலிலேயே தீர்ப்பாகிவிட்டது. கேட்டவருக்கு அது உறைக்காது. வந்தவன் சிரித்துக்கொண்டே தேதியைச் சொல்வான்.

போன வருடம் ஈரல் கெட்டுப்போய் கடைசி நாட்களுக்கு வந்து சேர்ந்த ஹ்மீதாவிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. எங்களுக்கும் கொஞ்சம் இங்கிதம் உண்டு.

மஹ்பூபா அத்தை அந்தக் கேள்விக்குச் சிரிக்கமாட்டாள். தேதியும் சொல்லமாட்டாள். கேட்டவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்துவிடுவாள்.

அத்தை என் அப்பாவின் அக்கா. அவள் கணவர் தீஜானி மாமா பாரிசின் வடக்கு ஓரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். ஊர் விழிக்கும் முன் திறந்து, கடைசி பஸ் போன பிறகு மூடுகிற கடை. மாமா கல்லாவில் உட்காருவார். மூட்டையை இறக்குவது, அடுக்குவது, அழுகியதைப் பொறுக்குவது, கடன் சொல்லிவிட்டுத் திரும்பாதவனைத் தெருவில் பிடித்து நிறுத்துவது எல்லாம் அத்தை. முழங்கால் இரண்டும் அந்தக் கடையில்தான் தேய்ந்தன. அதைப் பற்றி அவள் புலம்பி நான் கேட்டதில்லை. மாமா அவள் சார்பில் புலம்புவார்.

ஆகஸ்டில் மட்டும் திறக்கிற அவர்கள் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கும். ஸ்ஃபாக்ஸில் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கடற்கரை ஹோட்டல் ஒன்றில் இரவு நேர வரவேற்பு மேசையில் உட்காருகிறேன். இரவில் வேலை செய்பவனுக்குப் பகலில் ஒரு வேலையும் கிடையாது என்பது எங்கள் குடும்பத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை.

அந்த மேசையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். குளிருக்குப் பயந்து வருகிற ஐரோப்பியர்களையும் பார்த்திருக்கிறேன், சம்பாதித்து முடித்துத் திரும்பி வருகிற எங்கள் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆட்கள் முதல் வருடம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். இரண்டாம் வருடம் ரொட்டி முன்பு மாதிரி இல்லை என்பார்கள். அதற்கடுத்த வருடம் விமானச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவார்கள். அங்கேயே தங்கிவிட்டவர்களும் ஒன்றும் வாழ்ந்துவிடவில்லை. பூங்கா பெஞ்சில் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எங்கள் ஊர் மீன் என்ன விலை விற்கிறது என்று பேசிக்கொண்டிருக்கிறார்களாம். எங்கே இருந்தால் நல்லது என்று என்னிடம் கேட்டால், வயதாகாமல் இருந்தால் நல்லது என்பேன். அந்த வருடம் அத்தை நடந்துகொண்டதைப் பார்ப்பதற்கு முன்னால் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆகஸ்ட் கடைசியில் ஒரு மாலை, முற்றத்தில் மாமா தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தார். கடையை விற்று முடித்திருந்த வருடம் அது.

"இனிமே அங்க நமக்கு என்ன இருக்கு, சொல்லு," என்றார்.

"நாலாவது மாடி இருக்கு," என்றாள் அத்தை. "ஓடாத லிஃப்ட் இருக்கு."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"இருங்க, இன்னும் முடிக்கல. ஒரு டாக்டரம்மா இருக்கா. நான் பேசி முடிக்கிற வரைக்கும் பேனாவைத் தொட மாட்டா. இங்க இருக்கிறவன் நான் நாற்காலியை இழுக்கும்போதே மருந்து எழுதி முடிச்சிடறான். அப்புறம் இனாஸ் இருக்கா, பிள்ளைங்க இருக்காங்க."

"உன் பொண்ணு ஞாயித்துக்கிழமை வருவா. பேரனும் பேத்தியும் போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும்."

"என் எதிர்ல உக்காந்துதானே பாக்குதுங்க. இங்க வந்துட்டா அந்தப் போனுக்குள்ளதான் அதுங்களையே நான் பாக்கணும்."

மாமா தர்பூசணித் துண்டை எனக்கு நீட்டினார். "நீ சொல்லேன்டா வஜ்தி. காலேஜ் வரைக்கும் போனவன்."

"பாதி வரைக்கும் மாமா. பாதிப் பதில்தான் சொல்ல முடியும்."

"அங்க என் கூடைக்குள்ள எவளும் எட்டிப் பாக்கறதில்ல," என்றாள் அத்தை. "எனக்கு அது பிடிச்சிருக்கு."

"நீ செத்துக் கெடந்தாலும் எட்டிப் பாக்க மாட்டாங்க."

"இங்க சாகறதுக்கு முன்னாடியே வந்து பாத்துட்டுப் போவாங்க."

அத்தையிடம் எனக்குப் பிடித்தது இதுதான். இங்கே இருக்கும்போது அந்த ஊரைப் புகழ்வதும், அங்கே போய் இந்த ஊருக்கு அழுவதும் எங்கள் ஆட்களின் வியாதி. அவளிடம் அது இல்லை. இரண்டு ஊரையும் காய்கறி மாதிரிக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, சொத்தை எங்கே என்று விரலால் அழுத்திக் காட்டுவாள்.

கடைசியில் அவளே சொன்னாள். "சரி, அக்டோபர்ல வரேன். ஒரு மழைக்காலம் முழுக்க இருந்து பாக்கறேன். ஆனா ஒருத்தராவது என்கிட்ட எப்ப வீட்டுக்குத் திரும்புறீங்கன்னு கேட்டா, அன்னைக்கே பெட்டியைக் கட்டிடுவேன்."

"அது எல்லாரும் சும்மா கேக்கறதுதானே. பழக்கம்."

"அங்கயும்தான் கேக்கறாங்க. கீழ் வீட்டம்மா ஒவ்வொரு ஜூன் மாசமும் மாடிப்படில நிறுத்திக் கேப்பா. நல்ல மனுஷிதான். அது அவ ஊரு, கேட்டுட்டுப் போறா. இங்கயும் அதையே கேட்டா நான் எந்தப் பக்கம் போறது?"

மாமாவுக்குத் தெரிந்தது இரண்டு வழிதான். அவளோடு இங்கே, அல்லது அவளோடு அங்கே. தனியாக அவருக்கு முட்டைகூட வேகவைக்கத் தெரியாது. இங்கே இருக்கவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது, மிச்சத் தர்பூசணியை அவர் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனதில் தெரிந்தது.

*

அக்டோபரில் மாமா முதலில் வந்துவிட்டார். அத்தை சில நாள் கழித்து வருவதாக ஏற்பாடு. வந்த மறுநாளே என் மொபெட்டின் பின்னால் ஏறிக்கொண்டார்.

"ஊரெல்லாம் ஒரு சுத்து சுத்தணும்டா."

"எதுக்கு மாமா?"

"வாயை அடைக்க."

எங்கெல்லாம் அத்தையை அறிந்தவர்கள் இருப்பார்களோ அங்கெல்லாம் போனோம். ரொட்டிக்கடை, காய்கறிக்காரன், முடிவெட்டுகிற இடம், மாமா சீட்டாடும் காப்பிக்கடை. அக்டோபர் காற்றில் மணல் இருக்கும். மொபெட்டில் பின்னால் உட்கார்ந்தால் முகத்தில் அடிக்கும். மாமாவுக்குக் கண்ணில் நீர் வடிகிற தொந்தரவு வேறு. ஒவ்வொரு இடத்திலும் சிவந்த கண்ணோடும் கட்டிய தொண்டையோடும் இறங்கி, ஆளைத் தனியாகக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் பேசினார்.

மீன் சந்தையில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஏலம் விடுகிற ஃபர்ஜானி தன் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, கயிற்றில் கோத்த மீனைத் தூக்கிக் காட்டி விலை கூவிக்கொண்டிருந்தார். பெரிய மீசை, பெரிய குரல். மாமா நாற்காலிக்குக் கீழே போய் நின்றார்.

"ஃபர்ஜானி, மஹ்பூபா வர்றா."

"சந்தோஷம். இந்த மாசத்திலயா? கோடைதான் முடிஞ்சுபோச்சே."

"ஆமா. இந்தத் தடவை அப்படித்தான். ஒரு உதவி செய். எப்ப வீட்டுக்குத் திரும்புறீங்கன்னு மட்டும் அவகிட்ட கேட்டுடாதே. அவளால தாங்க முடியாது." கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஃபர்ஜானி நாற்காலியிலிருந்து இறங்கினார். ஏலம் நடக்கும்போது அவர் இறங்கி நான் பார்த்ததில்லை. மாமாவின் தோளைப் பிடித்தார். பிறகு தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"அல்லா லேசாக்கட்டும்," என்றார்.

"லேசாக்கிட்டா நல்லதுதான்," என்றார் மாமா.

நானும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்திருந்தேன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

கடைசியாக, அத்தை வீட்டை ஒட்டி இருக்கும் ஸால்ஹாவிடம் போனோம். இவர்கள் கூரையில் வழியும் மழைத் தண்ணீர் தன் முற்றத்தில் விழுகிறது என்று வருடா வருடம் சுவருக்கு மேல் எக்கி நின்று கத்துகிறவள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் அத்தை வந்து சேர்ந்த அன்றே சண்டையைத் தொடங்கி, விமானம் ஏறும்வரை நடத்துவாள். அவள் மாமா சொன்னதைக் கேட்டுவிட்டு, தலையில் போட்டிருந்த துணியின் முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் ஏன் கேக்கப்போறேன்," என்றாள். "நான் என்ன மிருகமா?"

*

அத்தை வந்தாள். முதல் வாரம் அவளை அப்படி ஒரு குஷியில் நான் பார்த்ததில்லை. வந்த மறுநாள், முழங்கால் வலியோடு கூரையில் ஏறிவிட்டாள். மழைக்கு முன்னால் கூரையைத் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தால்தான் முற்றத்துக்குக் கீழே இருக்கும் தொட்டியில் நல்ல தண்ணீர் சேரும். கூலிக்கு ஆள் வைக்கலாம் என்றேன்.

"குடிக்கப்போறது நான். தேய்க்கறது மட்டும் இன்னொருத்தனா?" என்று மேலேயிருந்து சொன்னாள். பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, நீளக் கட்டை கட்டிய மட்டையால் வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள். வெயிலில் கூரையும் அவளும் கண்ணைக் கூசவைத்தார்கள்.

சந்தைக்குப் போய்விட்டு வந்தால் சொல்வாள். "ஊரு மாறிடுச்சுடா. ஒருத்தர்கூட கேக்கல. எப்ப வந்தீங்கன்னு கேக்கறாங்க, அப்புறம் வாயை மூடிக்கறாங்க."

எங்கள் சந்தில் ஒரு பெல்ஜியக்காரி இருக்கிறாள். கோட்லீவ் என்று பெயர், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள். குளிரும் வாடகையும் தாங்காமல் எங்கள் தீவுக்கு வந்து தங்கிவிட்டாள். அவளிடம் அடுப்புக்கு கேஸ் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்றுதான் சந்தில் எல்லோரும் கேட்பார்கள். திரும்பிப் போவதைப் பற்றிக் கேட்பதில்லை. அத்தைக்கு அவள்மேல் நெடுநாள் பொறாமை. அந்த வாரம் வாசலில் நின்று பிரெஞ்சில் கேட்டேவிட்டாள்.

"உங்களை யாரும் கேக்கறதில்லயா, எப்ப வீட்டுக்குத் திரும்புறீங்கன்னு?"

"என் மகன் கேக்கறான்," என்றாள் கோட்லீவ். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். நான் சௌக்கியமா இருக்கேன்னு சொல்லச் சொல்ல அவனுக்குக் கோபம் கூடுது. நான் அங்க குளிர்ல உக்காந்து வருத்தப்பட்டாத்தான் அவன் நல்ல பிள்ளையா இருக்க முடியும்."

அத்தை அதை என்னிடம் வந்து சொன்னாள். "பாவம், அவளுக்குக் கேள்வி வேற பக்கத்திலேர்ந்து வருது," என்றாள். பிறகு ஒரு தட்டில் அத்திப்பழம் வைத்து அவள் வீட்டுக்கு அனுப்பினாள்.

மாமாவும் சந்தோஷத்தில் இருந்தார். காப்பிக்கடையில் அவர் சீட்டில் ஜெயித்துக்கொண்டே இருந்தார். ஆட்டம் தெரியாதவர் என்று ஊரறிந்தவர். எங்கள் ஆட்டத்தில் பெரிய சீட்டான டைமண்ட் ஏழு கையில் வந்தால் முகத்திலேயே காட்டிக்கொடுத்துவிடுவார். இப்போது தினமும் ஜெயித்துவிட்டு வந்தார்.

"பாரிஸ் குளிர்ல மூளை உறைஞ்சு கெடந்திருக்கு," என்று விளக்கம் சொன்னார். "இங்க வந்ததும் உருகி ஓடுது."

இரண்டாவது வாரத்தில்தான் அத்தையின் நெற்றி சுருங்க ஆரம்பித்தது. மீன் ஏலத்தில் அவள் முதல் விலை சொன்னதும் ஃபர்ஜானி முடித்துக்கொடுத்துவிடுகிறார். யாரும் மேலே கேட்பதில்லை. காய்கறிக்காரன் அவள் பேரம் பேசத் தொடங்கும் முன்பே குறைத்துவிடுகிறான். மாதுளம்பழம் இரண்டைக் கூடையில் சேர்த்து வைத்துவிட்டு வேறு பக்கம் பார்க்கிறான். முடிவெட்டுகிறவரின் மனைவி தெருவில் நிறுத்தி அவள் தோளில் முத்தமிட்டாள். பழைய சிநேகிதி ஒருத்தி வீடு தேடி வந்து, இனாஸ் கல்யாணத்தின்போது தான் சொன்ன வார்த்தையை மன்னித்துவிடச் சொல்லி அழுதாள். அப்படி ஒரு வார்த்தை சொல்லப்பட்டதே அத்தைக்கு அன்றுதான் தெரியும்.

"என்ன வார்த்தைன்னு கேட்டேன்டா. அதைச் சொல்லாமலே மன்னிப்பு வாங்கிக்கிட்டுப் போயிட்டா. இப்ப எனக்குத் தூக்கம் வரல."

ஒரு நாள் பகலில் நான் தூங்கி எழுந்து அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அத்தை முற்றத்தில் ஒரு கிண்ணத்தை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்லி சூப். தொடவில்லை.

"வஜ்தி, உள்ளதைச் சொல்லு. எனக்கு என்ன வியாதி?"

"உங்களுக்கா?"

"ஸால்ஹா கொண்டு வந்தா. அவ கையால. மழைத் தண்ணி அவ முத்தத்துல விழுந்தா விழுந்துட்டுப் போகட்டுமாம். தண்ணி என்ன பெரிய தண்ணி, மனுஷங்கதான் முக்கியம்னு சொன்னா. ஸால்ஹாவே விட்டுக்கொடுத்துட்டான்னா நான் இந்த மாசம் தாண்ட மாட்டேன்."

எனக்கு அப்போதுதான் எல்லாம் சேர்ந்து உறைத்தது. ஃபர்ஜானி நாற்காலியிலிருந்து இறங்கியது, நெஞ்சில் கை வைத்தது, மாமாவின் கண்ணீர். நடந்ததைச் சொன்னேன். மொபெட், காற்று, கைக்குட்டை, எல்லாம். ஒன்றையும் விடவில்லை.

அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஹ்மீதா," என்றாள் கடைசியில்.

"ஆமா."

"ஹ்மீதாகிட்ட யாரும் கேக்கல. அடுத்து என்கிட்ட கேக்கல." சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "நான் ஒரு முட்டாள்டா. ஊரு திருந்திடுச்சுன்னு நினைச்சு கூரையெல்லாம் வெள்ளையடிச்சேன். அதுங்க எனக்குக் குழி வெட்ட இடம் பாத்துக்கிட்டிருந்திருக்குதுங்க."

கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து மாமா உள்ளே வந்தார். முகத்தில் வெற்றி.

"இன்னைக்கும் ஜெயிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"வரிசையா மூணு ஆட்டம். ஃபர்ஜானி தலையைக் கவுத்துக்கிட்டான்."

"கவுக்காம என்ன செய்வான். பொண்டாட்டி சாகக் கெடக்கறவனைத் தோக்கடிக்க யாருக்கு மனசு வரும்?"

மாமா நின்றபடி அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சூப்பைப் பார்த்தேன். அவருக்கும் மெதுவாகப் புரிந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு நாள் ஜெயித்த சீட்டெல்லாம் முகத்திலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தது.

"நான் நல்லதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. "பெட்டி கட்டப்போறியா?"

"எதுக்கு? யாரும் கேக்கலையே. நான் போட்ட நிபந்தனைக்கு நான் கட்டுப்பட்டவ." அத்தை எழுந்தாள். "ஆனா இரக்கப்பட்டு எனக்கு மீன் குடுக்கற ஊர்ல என்னால இருக்க முடியாது. அதுக்கு நாலாவது மாடியே தேவலாம். அங்க யாருக்கும் என்மேல இரக்கம் கெடையாது. நாளைக்குச் சந்தைக்குப் போறேன். ரெண்டு பேரும் வாங்க. யாராவது வாயைத் திறந்து என்னைக் காப்பாத்த வந்தா, வீட்டுக்குள்ள விட மாட்டேன்."

மாமா அன்று இரவு சாப்பிடவில்லை என்று பிறகு சொன்னார். அத்தை இரண்டு பேர் சாப்பாட்டையும் சாப்பிட்டாளாம்.

*

மறுநாள் சந்தையில் கூட்டம். ஃபர்ஜானி நாற்காலியில் இருந்தார். கயிற்றில் ஒரு பெரிய களவா மீன். கடற்கரை உணவகம் ஒன்றின் சமையல்காரன், முரட்டு ஆள், முன்னால் நின்று விலை சொல்லிக்கொண்டிருந்தான். அத்தை கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனதும் அவன் ஒதுங்கி வழிவிட்டான். வாயையும் மூடிக்கொண்டான்.

அத்தை ஒரு விலை சொன்னாள்.

"எடுத்துக்கங்க மஹ்பூபாக்கா," என்று ஃபர்ஜானி கயிற்றை இறக்கினார்.

"ஏலம் முடியல. மேலே ஏத்து."

"உங்களுக்கு மேல யாரும் கேக்கல அக்கா."

"நான் கேக்கறேன்." தன் விலைக்கு மேல் தானே ஒன்று சொன்னாள். கூட்டம் முணுமுணுத்தது. ஃபர்ஜானி மறுபடியும் கயிற்றை இறக்கினார். அத்தை இன்னும் ஏற்றினாள். தனக்கு எதிராகத் தானே ஏலம் கேட்கிற மனுஷியை எங்கள் சந்தை அதுவரை பார்த்ததில்லை. சாகப்போகிறவளுக்குப் புத்தியும் போய்விட்டது என்று பின்னால் ஒருவர் சொன்னது எனக்கே கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும்.

அவள் சமையல்காரன் பக்கம் திரும்பினாள்.

"நீ ஏன்டா வாயில ஈ போனவன் மாதிரி நிக்கறே? உன் ஹோட்டலுக்கு மீன் வேணாமா?"

"வேணும்தான்..." அவன் காலை மாற்றி வைத்தான். "நீங்க வாங்கிக்கங்க அம்மா. உங்க வாய்க்கு எது பிடிக்குதோ அதைச் சாப்பிடுங்க. இந்த நேரத்துல..."

"எந்த நேரத்துல?"

மீனைக் கழுவுகிற தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மாமா என் கையைப் பிடித்திருந்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க," என்றாள் அத்தை. குரலை உயர்த்தவில்லை. "என் ஈரல் நல்லா இருக்கு. இருதயம் நல்லா இருக்கு. முட்டி ரெண்டும் தேஞ்சுபோச்சு, அதுக்கு யாரும் சாகறதில்ல. என் புருஷனுக்குக் காத்துல கண்ணு கலங்கும். அதைப் பாத்து நீங்களா ஒரு கதை கட்டி, எனக்கு மாதுளம்பழம் குடுத்து, சூப்பு குடுத்து, இவருக்குச் சீட்டையும் விட்டுக்குடுத்திருக்கீங்க. பழத்துக்கும் சூப்புக்கும் நன்றி. சீட்டுக்கு நன்றி கெடையாது, வீட்டுல இவர் பெருமையைத் தாங்க முடியல. இப்ப ஏலத்தை நடத்துங்க."

முதலில் சிரித்தது சமையல்காரன்தான். பிறகு கூட்டம். மாமாவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எதிரில் இருந்த கணவாய்க் குவியலை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"சாகலைன்னா விலையைச் சொல்லுங்கம்மா, பாக்கலாம்," என்றான் சமையல்காரன். அவன் குரலே மாறிவிட்டது.

பிறகு நடந்ததை ஏலம் என்று சொல்வது குறைவு. அவன் ஏற்ற, இவள் ஏற்ற, மீனின் செவுள் வெளுத்திருக்கிறது என்று இவள் சொல்ல, அப்படியானால் விட்டுவிடுங்கள் என்று அவன் சொல்ல, ஃபர்ஜானியின் மீசை துடித்தது. பாரிசில் மொத்த வியாபாரிகளிடம் மல்லுக்கட்டிய அத்தனை வருடமும் அன்று அவள் வாயில் வந்து நின்றது. அவள் அந்த வயதில், அந்த முட்டியோடு, ஈரத் தரையில் கால் அகட்டி நின்றதை நான் மறக்கமாட்டேன். எங்கே வாழ்வது நல்லது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் அவளைப் பார்த்திருக்கவேண்டும். நிற்கிற இடத்தில் அப்படி நிற்கத் தெரிந்தால் போதும் என்று தோன்றியது. எனக்குத் தெரியாது. நான் இந்தத் தீவைவிட்டு ஸ்ஃபாக்ஸுக்கு அப்பால் போனதில்லை.

கடைசியில் அவள் தோற்றாள். களவா ஹோட்டலுக்குப் போயிற்று. அவளுக்கு ஒரு கோர்வை மடவை மீன்தான் கிடைத்தது, அதற்கும் ஃபர்ஜானியிடம் ஐந்து நிமிடம் சண்டை. பணத்தைக் கொடுத்துவிட்டுக் கயிற்றை விரலில் மாட்டிக்கொண்டு திரும்பியபோது அவள் முகம், ஏலத்தில் ஜெயித்தவள் முகம் மாதிரி இருந்தது.

ஃபர்ஜானி நாற்காலியில் சாய்ந்து, பெரிய பாரம் இறங்கிய ஆள்போல மூச்சு விட்டார்.

"அல்லாவுக்கு நன்றி, மஹ்பூபாக்கா. எங்களை நல்லாப் பயமுறுத்திட்டீங்க." அடுத்த மீனை எடுத்துக்கொண்டே, யோசனையே இல்லாமல், காலங்காலமாக எல்லோரிடமும் கேட்கிற குரலில் கேட்டார். "அப்போ எப்ப வீட்டுக்குத் திரும்புறீங்க?"

கேட்டபிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்குத் தெரிந்தது. மீன் கையில் அப்படியே நின்றது. சந்தை முழுவதும் ஒரே சமயத்தில் அடங்கியது. இரண்டு வாரமாக ஊரே பூட்டி வைத்திருந்த கேள்வி அது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். காற்று இல்லை, ஆனாலும் கண்ணோரம் நீர் வந்தது.

அத்தை நின்றாள். ஃபர்ஜானியைப் பார்த்தாள். அந்தப் பழைய பார்வைதான், ஆனால் அது இந்தத் தடவை பாதி வழியிலேயே எங்கோ கலைந்துவிட்டது.

"இப்பவே," என்றாள். "மீன் கெட்டுப்போகும்."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு எங்கள் சந்துப் பக்கம் நடந்தாள். மாமா பின்னால் ஓடினார். "அப்படின்னா..." என்றார். "அப்படின்னா நாம..."

"வாயை மூடிக்கிட்டு நடங்க. ஸால்ஹா கிண்ணத்தைத் திருப்பிக் குடுக்கணும். மேகம் கூடுது, அவகிட்ட தண்ணியைப் பத்திப் பேசவேண்டியது பாக்கி இருக்கு."

அன்று மாலை காப்பிக்கடையில் மாமா தொடர்ந்து தோற்றார். அவர் கையில் டைமண்ட் ஏழு வந்தபோதெல்லாம் ஃபர்ஜானி சத்தமாகச் சிரித்தார். மழை தொடங்கியதும் ஸால்ஹா சுவருக்கு மேல் எக்கி நின்று கத்துவது காப்பிக்கடை வரை கேட்டது. மாமா சீட்டைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு தன் முறை வந்ததும், மறைக்கத் தெரியாத அந்த முகத்தோடு, அடுத்த ஆட்டத்தையும் தோற்றார்.